ஆறு மணி நேரத்துக்காரர்

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. கூடுதலாக இருக்கிற அந்த ஒன்று என் கொழுந்தன். நான் ராயபுரத்துக்கு வாழ வந்தபோது அவனுக்கு ஏழு வயது. மூக்கு ஒழுக வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டவன், மீசை முளைக்கிற வரைக்கும் விடவில்லை. என் மாமியார் விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போய்விடுவார். இவனுக்குத் தலை துவட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியதெல்லாம் நான். அதனால் அவனையும் என் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் எண்ணுவேன். அதில் யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து எனக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நகரும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் ஆனாலும் எனக்குக் கவலையில்லை. ஓடிப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் எனக்கு இல்லை.

எழுதப்போவது எங்கள் எதிர்வீட்டு மனிதரைப் பற்றி. அவர் பெயரை எழுத மாட்டேன். தன் பெயரை யாராவது தெருவில் சத்தமாகக் கூப்பிட்டாலே காலரை இழுத்து விட்டுக்கொள்கிற ஆள் அவர். கல்லறையில் கிடப்பவருக்கு அந்தச் சுகத்தை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்கள் தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் தந்தி வந்தாலும் அவரிடம் போவோம், மருந்து பாட்டில் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் அவரிடம்தான் போவோம். அது வரைக்கும் சரி. அவருக்குக் கேடு வந்தது ஒரு விமானத்தால்.

ஒரு தடவை அவர் ஆபீஸ் பெரியவர் சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும் சமயத்தில் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சரக்குக் காகிதங்களை யாராவது கையோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேறு ஆள் கிடைக்காமல் இவரை அனுப்பி வைத்தார்கள். காலை பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் ஏறினார். அந்தி நாலு மணிக்கு சிங்கப்பூரில் இறங்கினார். இரண்டு இடத்திலும் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கண்ணால் பார்த்தாராம். அப்போது அவர் கையில் கடிகாரம் கிடையாது. அங்கே போய்த்தான் தங்க நிறத்தில் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வந்த நாளிலிருந்து அவருக்கு வாயில் வேறு பேச்சு கிடையாது. "ஆயிரத்து எண்ணூறு மைல். ஆறு மணி நேரம். மணிக்கு முந்நூறு மைலு. வகுத்துப் பாத்துக்க." தெருவில் வகுக்கத் தெரிந்தவர் யார்? எல்லாரும் தலையை ஆட்டினோம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாதா கோயில் மந்திரம் தெரியுமோ தெரியாதோ, ஆயிரத்து எண்ணூறும் ஆறும் முந்நூறும் தெரியும்.

குழாயடியில் நாங்கள் குடத்தை வரிசை வைத்திருப்போம். அவர் பல் குச்சியோடு வந்து நிற்பார்.

"இன்னாம்மா, இன்னும் தண்ணி வரலியா? எம்மா நேரமா குந்திக்கினு கீறீங்க?"

"அஞ்சு மணிக்கு வந்தோம் அண்ணாத்தே."

"இப்ப மணி ஏழு. அறுநூறு மைலு. பாதி கடலு கூட தாண்டல. மூணுல ஒரு பங்குதான்."

பக்கத்துத் தெரு மீன்காரம்மா ஒருத்தி, வாய்க்கு அஞ்சாதவள், ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஏன் நைனா, உன் பிளேன்ல ஒரு கொடம் தண்ணி கொணாந்து குடுக்கறதுதான? வெறும் மைலயே கொணாந்து ஊத்திக்கினு கீற."

அதற்கும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தெரியாத ஜனம் என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

எதையும் அவர் விமானத்தில் வைத்துத்தான் அளப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நீண்டு போனால் நானூறு மைல். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பந்தி தாமதமானால் எழுநூறு மைல். பஸ்ஸில் உட்கார்ந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடிக்குக் குறுக்கே போட்டு, இருக்கைக் கம்பியோடு முடிச்சுப் போட்டுக்கொள்வார். பெல்ட்டாம். ஒரு தடவை தங்கசாலையில் இறங்க வேண்டியவர் முடிச்சை அவிழ்க்க முடியாமல் சென்ட்ரல் வரைக்கும் போய் நடந்து வந்தார். விமானத்தில் காதில் வைக்கக் கொடுத்த பஞ்சை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் அந்தப் பஞ்சு வரும்.

அவர் மனைவி பாவம். ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அது மேல இருந்தது ஆறு மணி நேரம். நான் அத்த கேட்டுக்கினு கீறது ஆறு வருஷம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "போனது மட்டும்தான் பிளேனு. வரும்போது அவங்க ஆபீஸ் கப்பல்லயே ஏத்தி அனுப்பிட்டாங்க. ஏழு நாளு. வாந்தி எடுத்து எடுத்து கொடலு வெளிய வந்துருக்குது. அத்தப் பத்தி ஒரு நாளாச்சும் வாயத் தொறந்துகீதா பாரு."

திறக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற தெருவில், ஏழு நாள் கடலில் இருந்து வந்தவர், கடலைப் பற்றி ஒரு சொல் சொன்னது கிடையாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். என் மூன்றாவது பிரசவத்தில் எனக்குச் சிரிப்பு நின்றது. வலி எடுத்ததும் என் வீட்டுக்காரர் ரிக்‌ஷா கூப்பிட ஓடினார். இவர் எதிர்வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு, "இப்பத்தான வலி எடுத்துகீது? பதறாத தம்பி. சிங்கப்பூர் போய்ச் சேர்ற நேரம் கீது. சாப்ட்டுட்டே போ" என்றார். பிள்ளை பெறுவதற்கும் ஆறு மணி நேரம் என்று இவருக்கு யார் சொன்னது? என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். சட்டைப் பையில் பேனா இருப்பவர் சொன்னால் வேத வாக்கு. என் இரண்டாவது மகன் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில், ரிக்‌ஷாவுக்குள் பிறந்தான். ரிக்‌ஷாக்காரர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சேசுவே, சேசுவே என்று கத்தினார். அவர் இந்து.

குழந்தையைப் பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரர் தன் கணக்கு தப்பு என்று சொன்னாரா? "பையன் ஜெட்டு மாதிரி வந்துட்டான்" என்றார்.

அந்த மனிதரின் குணம் அவ்வளவுதான். நடந்தது ஒன்றாக இருக்கும், அவர் சொன்னது ஒன்றாக இருக்கும். தப்பு எப்போதும் நடந்ததன் மேல்தான்.

என் கொழுந்தன் வெல்டிங் கற்றுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனான். கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. கப்பலில்தான் போனான். துறைமுகத்தில் அவனை ஏற்றிவிட்டு வந்த அன்று என் மாமியார் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். "இன்னாத்துக்கு அழுவுற ஆயா? ஆறு மணி நேரம். காலைல நாஸ்டா துன்னுட்டு ஏறினான்னா அந்தி காபிக்கு இங்க வந்து நிப்பான்."

மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஏலத்தில் இருந்து வந்து கூடையை இறக்கும்போதெல்லாம், "ஆறு மணி நேரம்தான்டி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். அந்த ஒரு விதத்தில் அந்தப் பேச்சு அவருக்கு உதவியது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாலு வருஷம் போயிற்று. ஒரு கோடையில் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தது. படுத்த படுக்கையானார். கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசி விட்டுப் போனபின், மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்க மீன் முள் கிழித்த தழும்பு.

"என் சின்னவன் வந்து என் மூஞ்சிய பாத்த அப்பாலதான் பொட்டிய மூடணும். நீ வளத்த புள்ள அவன். நீதான் பாத்துக்கணும்."

"மூட வுட மாட்டேன் அத்தே" என்றேன்.

திங்கட்கிழமை அந்தியில் உயிர் போயிற்று. அன்றைக்கே தந்தி அடித்தோம். எங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறபோது என்ன செய்வோம் என்றால், மீனுக்குப் போடுகிற ஐஸைத்தான் கொண்டு வருவோம். ஐஸ் கம்பெனியில் மாமியாரைத் தெரியாதவர் இல்லை. கேட்பதற்கு முன்பே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நீளமான பாளங்கள், மரத்தூள் தூவி, கோணி சுற்றி. பலகைக்கு அடியிலும் இரண்டு பக்கத்திலும் அடுக்கினோம். காலமெல்லாம் வஞ்சிரத்தையும் வவ்வால் மீனையும் ஐஸில் வைத்து விற்றவர், தானும் அதிலேயே படுத்திருந்தார். முகம் வாடவில்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தார்.

செவ்வாய் மதியம் பதில் தந்தி வந்தது. எதிர்வீட்டுக்காரர்தான் படித்தார். கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைக் கனைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். நாளைக் காலை பத்து மணி விமானத்தில் கிளம்புகிறேன், காத்திருங்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. பட்டறை முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்தாராம். அது பின்னால் தெரிந்தது.

புதன்கிழமை. வெயில் காலையிலேயே தெருவைக் காய்ச்சியது. புதிதாக ஆறு பாளம் ஐஸ் வந்து இறங்கியது. சாமியார் வந்தார். நல்ல மனிதர், வயதானவர். அவருக்கு அன்று எண்ணூரிலும் ஒரு அடக்கம் இருந்தது. அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது இதுதான்: "பையன் மூணு மணிக்குள்ள வந்துடுவான்னா சொல்லு, நான் எண்ணூருக்குப் போய்ட்டு மூணு மணிக்குத் திரும்பி வரேன். வர மாட்டான்னா இப்ப பதினொண்ணரைக்கே எடுத்துடலாம். அந்தி வரைக்கும் இந்த வெயில்ல வெக்க முடியாது."

பெட்டி தூக்குகிறவர்கள் எல்லாம் என் வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள். இரண்டு மணிக்கு அவர்களுக்கு ஷிப்டு. பிள்ளை வருவான் என்றால் அவர்கள் ஷிப்டை விட்டுவிட்டு இருப்பார்கள். அப்படிப்பட்ட ஆட்கள்தான். வருவானா மாட்டானா, அது மட்டும் தெரிய வேண்டும்.

எல்லாரும் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் அவசரப்படவில்லை. கையைத் தூக்கித் தங்கக் கடிகாரத்தைப் பார்த்தார். "சாமி, அங்க பத்து மணிக்கு கிளம்பறான். ஆயிரத்து எண்ணூறு மைலு. பத்தும் ஆறும் பதினாறு. நாலு மணிக்குத்தான் மீனம்பாக்கத்துல சக்கரம் தரைய தொடும். அப்பால கஸ்டம்ஸ்ல பொட்டிய தொறந்து கொட்டிப் பாப்பான். டாக்சி புடிச்சு இங்க வர்றதுக்குள்ள வெளக்கு வெச்சுடுவாங்க. மூணு மணி பேச்சே கெடையாது."

நான் மாமியார் தலைமாட்டில் இருந்தேன். அங்கிருந்தே சொன்னேன். "சாமி, மூணு வரைக்கும் இருப்போம். அத்தே சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஐஸு கீது. மூஞ்சி வாடல. வந்தா வரான், வராங்காட்டி அப்பால எடுத்துக்கலாம்."

"தங்கச்சி," என்றார் அவர், அதே சிரிப்பு. "பிளேனு இன்னா டிராம் வண்டியா, முன்னப் பின்ன வர்றதுக்கு? ஆறுன்னா ஆறுதான். நான் போய்க்கீறேன்."

"நீ போனது ஒரு தபா. அதுவும் ஒரு பக்கம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "கம்னு கெட. அவுரு போய்ப் பாத்த ஆளு. நீ மீனம்பாக்கம் எந்த தெசைல கீதுன்னு கூட பாத்தது இல்ல."

என் வீட்டுக்காரர் நல்லவர். அந்த ஒரு பேச்சைத் தவிர, என்னை அவர் பேசிய வேறெந்தப் பேச்சும் எனக்கு நினைவில்லை.

பதினொன்றரைக்கு எடுத்தார்கள். ஆணி அடிக்கும்போது நான் பெட்டியின் மேல் கை வைத்திருந்தேன். இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு, துறைமுகத்து ஆட்கள் அப்படியே ஷிப்டுக்குப் போனார்கள். சாமியார் எண்ணூருக்குப் போனார். என் வீட்டுக்காரர் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவி விட்டோம்.

மணி இரண்டேகால் இருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அதற்கு மேல் கோட்டு. காலில் ஷூ. அந்த வெயிலில், சிங்கப்பூருக்குப் போனபோது போட்ட அதே ஷூ. மீனம்பாக்கத்துக்குப் போய்ப் பிள்ளையை அழைத்து வரக் கிளம்பிவிட்டார். "இப்ப கெளம்பினாத்தான் நாலு மணிக்கு அங்க நிக்கலாம்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அவர் வாசற்படி இறங்கவும், டாக்சி ஒன்று தெருவுக்குள் திரும்பவும் சரியாக இருந்தது.

என் கொழுந்தன் இறங்கினான். கையில் ஒரு சின்னப் பெட்டியும், தாளில் சுற்றிய ஆர்க்கிட் பூவும். அந்தப் பூவை எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஓடி வந்தவன், கழுவின வாசலைப் பார்த்துவிட்டு நின்றான்.

"அண்ணி, அம்மா எங்க?"

எதிர்வீட்டுக்காரர் அங்கேயே நின்றிருந்தார். அவனைப் பார்த்தார். கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் காதருகே கொண்டுபோய், ஓடுகிறதா என்று கேட்டார். இத்தனை வருஷம் கழித்தும், கண்ணை மூடினால் எனக்கு வருவது அவர் அப்படிக் காதில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றதுதான்.

"எடுத்துட்டோம்பா" என்றேன்.

அவன் உள்ளே போகவில்லை. வாசல் சுவரோரம் மீந்த ஐஸ் பாளங்கள் கோணியோடு இருந்தன. காலையில் இறக்கியதில் மூன்று. அவன் கோணியை விலக்கினான். மரத்தூளைத் தள்ளிவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்தான்.

"இது எதுக்கு அண்ணி?"

"உனக்காகத்தான். நீ வர்ற வரைக்கும் அத்தே இருக்கணும்னு."

"இன்னும் கரையவே இல்லியே அண்ணி."

அவன் அந்தப் பாளத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அந்தப் பூவை அதன் மேல் வைத்தான். அழவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல வெயில், என் புடவை பூராவும் ஐஸ் தண்ணீர்.

அப்போதாவது அந்த மனிதர் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஷூ சத்தத்தோடு தெருவைக் கடந்து வந்தார். "காத்து பின்னாலேர்ந்து தள்ளிகீது தம்பி. இன்னிக்கு காத்து சாதகம். இல்லாங்காட்டி ஆறு மணி நேரத்துக்கு முன்ன வர்றதுக்கு சான்ஸே இல்ல."

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படக்கூட அவனிடம் தெம்பு இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "எப்பவுமே நாலு மணி நேரம்தான் அண்ணாத்தே. அங்க கடியாரம் நம்மள விட ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடும். அங்க பத்துன்னா இங்க எட்டு. பன்னெண்டுக்கெல்லாம் மீனம்பாக்கத்துல எறங்கிட்டேன். நீ போனப்ப இங்கத்த கடியாரத்த பாத்துட்டு ஏறி, அங்கத்த கடியாரத்த பாத்து எறங்கிகீற. அந்த ரெண்டு மணி நேரத்தயும் சேத்து எண்ணிட்ட."

எல்லாருக்கும் புரிந்தது. மூன்றாம் வகுப்பு படித்த எனக்குப் புரிந்தது. வகுக்கத் தெரிந்தவருக்குப் புரியாமல் இருக்குமா?

அவர் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "நான் போனது பெரிய பிளேனு," என்றார். "அது கொஞ்சம் நிதானமாத்தான் போவும்."

எதிர்வீட்டு வாசலில் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "உள்ள வா. வந்து அந்த ஷூவ கழட்டு."

கொழுந்தனும் நானும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். மண் ஈரம் காயவில்லை. அவன் அதைத் தட்டித் தட்டிச் சரி செய்தான், சின்ன வயதில் கடற்கரையில் வீடு கட்டுவானே அந்த மாதிரி. எண்ணூரில் இருந்து திரும்பிய சாமியார், வழியில் சேதி கேட்டு நேராக அங்கே வந்தார். அவன் தோளில் கை வைத்துக்கொண்டு கல்லறையை மந்திரித்து ஜெபம் சொன்னார். மணி மூன்று. அவர் சொன்ன அதே மூன்று.

பத்து நாளில் அவன் கப்பல் ஏறிவிட்டான். எதிர்வீட்டுக்காரர் எங்கே போவார்? அங்கேயேதான் இருந்தார். இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பாகச் சொல்லிவிட்டேன் தங்கச்சி என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். மனுஷன்தானே, தப்பு வராதா? சொல்லவில்லை. அன்றையிலிருந்து நான் அவரை அண்ணாத்தே என்று கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருந்து பலகாரத் தட்டு வரும். அவர் மனைவிக்காக வாங்கிக்கொள்வேன். அவர் கொண்டுவந்தால் கதவு தாழ்ப்பாள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பிடித்து, "ஆயிரத்து எண்ணூறு மைல், ஆறு மணி நேரம்" என்று ஆரம்பிப்பார். நான் எங்கள் வாசலில் இருந்தே, யாரையும் பார்க்காமல், "ஐஸு இன்னும் கரையல" என்பேன். அந்தப் பேச்சு மெல்லத் தெருவுக்கே பரவிவிட்டது. யாராவது ஒருவன் தெரியாததைத் தெரிந்த மாதிரி அளந்தால், ராயபுரத்தில் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இன்றைக்குச் சொல்கிற பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அவர் செத்த பிறகு அவர் மனைவி ஒன்று சொன்னாள். பேப்பரை மடித்து மடித்து ஓரத்தில் கணக்குப் போடுவாராம். ஆயிரத்து எண்ணூறை நாலால் வகுப்பாராம். நானூற்று ஐம்பது என்று எழுதி, உடனே பேனாவால் தேய்த்து அடித்துவிடுவாராம். வருஷக்கணக்காக அப்படி. எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்துத்தான் சொன்னாள். வரவில்லை. தெரியாமல் பேசினவரைக் கூட விட்டுவிடலாம். தெரிந்த பிறகும் இருபது வருஷம் ஆறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவரை எந்தக் கணக்கில் வைப்பது?

போன வருஷம் என் பேத்தி என்னைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனாள். கொழுந்தன் அங்கேயே குடும்பமாகிவிட்டான். முழங்கால் வலியால் அவனால் வர முடிவதில்லை. விமானத்தில் எனக்குப் பயமில்லை. சோறு மோசம். என் வீட்டுக்காரரின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். பேத்தி அதை அங்கத்து நேரத்துக்குத் திருப்பி வைக்கிறேன் என்றாள். தொடாதே என்றேன். சக்கரம் கிளம்பும்போது பார்த்தேன். சக்கரம் தரையில் தட்டும்போது பார்த்தேன். நாலு மணி நேரம். பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினார்.

வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் அதே ஏழு வயது முகம்.

"எப்பப்பா வந்தே?" என்றேன்.

அவன் மகள்தான் பதில் சொன்னாள். "காலையிலயே வந்துட்டாரு பெரியம்மா. பிளேன் சாயங்காலம்தான்னு எவ்ளோ சொன்னாலும் கேக்கல. யார் வந்தாலும் இப்டித்தான். விடிஞ்சதுல இருந்து இங்க வந்து நின்னுடுவாரு."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லையாம்.

அவ்வளவுதான். பேத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கே வா. முதலில் இருந்து நிறுத்தி நிறுத்திப் படி, நான் கேட்கிறேன். எங்கேயாவது கை தவறி அந்த ஆளின் பெயரை எழுதியிருந்தால், அதைப் பேனாவால் நன்றாகத் தேய்த்து அடித்துவிட்டு மேலே படி.